விசிலுக்கு எச்சில் வேண்டும்

அந்தத் துண்டு நெசவு மில்லில் யாருக்கும் பெயர் கிடையாது. பிறந்தபோது வைத்த பெயர் எல்லோருக்கும் இருந்தது. சம்பளப் பட்டியலில்கூட அது இருந்தது. ஆனால் நாற்பது தறிகள் ஒரே கூரைக்குக் கீழே தடதடக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தொண்டைக்குப் பிடித்த கேடு. தறிக்கு மேலே என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் ஆள். பதினேழுக்கு மூட்டுவலி, முப்பத்திரண்டு புது வீடு பார்க்கிறது, இருபத்தெட்டும் முப்பத்தொன்றும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகின்றன. மில் வாசலில் நின்று கேட்கும் வெளியாளுக்கு, உள்ளே கணக்குப் பரீட்சை நடப்பதாகத்தான் தோன்றும்.

எண் இல்லாத ஒரே ஆள் ஃபிட்டர். எல்லாத் தறியும் அவருடையது என்பதால் எந்தத் தறியும் அவருடையது இல்லை. அதனால் அவருக்கு ‘விசில்’ என்று பெயர் விழுந்தது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, நாக்கின் நுனியை மடித்து, அவர் ஊதினால் நாற்பது தறியின் சத்தத்தையும் அது நடுவில் கிழித்துக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்தில் இதே விசிலுக்காக முட்டி போட்டிருக்கிறார். பேருந்து நிலையத்தில் இதே விசிலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஒரு பெண், “ரவுடிப் பய” என்று முணுமுணுத்திருக்கிறாள். இரண்டு வருடம் கழித்து அவளே அவருக்கு மனைவி ஆனாள். கருத்தை மட்டும் இன்னும் முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் மில்லில் சேர்ந்த பிறகுதான் அந்த விசிலுக்கு ஒரு மரியாதை வந்தது. ஒரு சின்ன விசில் என்றால் ஃபிட்டர் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். நீளமாக இரண்டு என்றால் தறியை நிறுத்து, வெளியே போ.

மற்றதெல்லாம் கைப்பேச்சு. தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்தால் மேனேஜர் வருகிறார். இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உதட்டில் வைத்தால் தேநீர். இந்தக் கடைசிச் சைகையும் விசில் அடிக்கிற தோரணையும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. விசிலுக்குச் சத்தம் இருந்தவரை உறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று தேநீருக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஃபிட்டர் மூன்றாம் தறியின் மேல்படியில் நின்று ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது சுவர் வரிசையில், பதினேழாம் தறியின் மோட்டாருக்கு அடியில் படிந்திருந்த பஞ்சுத் தூசியிலிருந்து புகை எழுவதைப் பார்த்தார். பதினேழு அக்கா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து, அறுந்த நூலைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் படியிலிருந்து இறங்கினார். விரலை வாயில் வைத்தார். ஊதினார்.

காற்று வந்தது. வெறும் காற்று.

நாக்கைத் துழாவினார், அது மேலண்ணத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மறுபடி ஊதினார். மறுபடி காற்று. சரி, ஓடுவோம் என்று நினைத்தார். நினைப்பு ஓடியது, கால் ஓடவில்லை. யாரோ இரண்டு பாதத்தையும் தரையோடு வைத்து ஆணி அடித்த மாதிரி நின்றார். நெஞ்சு மட்டும் நாற்பத்தொன்றாம் தறியாக அடித்துக்கொண்டது.

நான்காம் தறிக்காரர் அவரைப் பார்த்தார். வாயருகே விரல். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் முன்னதாகத் தேநீர் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல அவருக்குப் பைத்தியமா? தறியை நிறுத்தினார், விரலை உதட்டில் வைத்துப் பக்கத்துத் தறிக்குக் காட்டினார். அது அடுத்ததற்குப் போயிற்று. இரண்டே நிமிடத்தில் கூடம் முழுவதும் நின்றுபோய், முப்பத்தொன்பது பேர் உல்லாசமாக வெளியே நடந்தார்கள். புகையைப் பார்த்தவர்கள் கடைசி நாலைந்து பேர்தான்.

முதுகைக் காட்டியிருந்த பதினேழுக்குச் சைகை தெரியவில்லை; நூலைத் தேடும் மும்முரத்தில் சத்தம் அடங்கியதும் உறைக்கவில்லை. அவர் நிமிர்ந்தபோது சட்டைக் கை பற்றிக்கொண்டிருந்தது. கையைத் தட்டிக்கொண்டே ஃபிட்டரை உரசிக்கொண்டு வெளியே ஓடினார். இருபத்துநான்கு திரும்பி ஓடிவந்து மணல் வாளியைக் கவிழ்த்துத் தீயை அணைத்தார். அப்போதும் ஃபிட்டர் விரலை வாயில் வைத்தபடியே நின்றார். பத்து நிமிடம் நின்றதாக அவருக்கு ஞாபகம். கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் தர மறுத்துவிட்டது.

பதினேழு அக்காவுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தீப்புண். ஐந்து வாரம் விடுப்பு.

இத்தோடு முடிந்திருந்தால் ஃபிட்டர் தன்பாட்டுக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருப்பார். ஆனால் மேனேஜர் அறிக்கை எழுதினார். சம்பவத்தின்போது அவர் தம் அறையில் இருந்தபடியால் அறிக்கை மிகத் தெளிவாக வந்தது. ‘ஃபிட்டரின் சமயோசிதமான விசிலைக் கேட்டுத் தொழிலாளர்கள் ஒழுங்காக வெளியேறினர்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வெளியே வந்து நின்று தேநீர் எங்கே என்று தேடிய முப்பத்தொன்பது பேரும் அதைப் படித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் பெயர் ‘விசில்’ இல்லை, ‘டீ’. பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். பிரியமாகக் குத்தினாலும் ஊசி ஊசிதான்.

அறிக்கையின் கடைசிப் பத்தி இன்னும் மோசம். விசில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதால் சைரன் வாங்கத் தேவையில்லை என்றும், ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஆய்வாளர் முன்னிலையில் ஒத்திகை நடக்கும் என்றும் அதில் இருந்தது. அதாவது அடுத்த தீக்கு நாற்பது உயிரும் ஒரு மனிதரின் வாயை நம்பி இருக்கும். அந்த வாய் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பது அந்த மனிதருக்கு மட்டும் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று மேனேஜர் அறை வரைக்கும் மூன்று முறை போனார். மூன்று முறையும் எண்ணெய் டப்பா கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

உடம்பு அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வீட்டில் ரொட்டி லேசாகக் கருகினால் போதும், உள்ளங்கை வேர்த்துக் கையிலிருக்கும் தம்ளர் வழுக்கும். பதினேழாம் தறிப் பக்கம் போனால் பிடரி மயிர் நிமிரும். வேடிக்கை என்னவென்றால், குளியலறையில் விசில் பிரமாதமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை சுவரைத் தட்டினார். மில் வாசலைத் தாண்டியதும் நாக்கு மறுபடி அட்டை.

மூன்றாவது வாரம் மனைவி பொறுமை இழந்தாள். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராகப் பன்னிரண்டு வருடம் வேலை பார்ப்பவள்; பிறர் வாயைத் திறக்க வைப்பது அவளுடைய தொழில். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் வெளியே வந்தது.

“வாய் காஞ்சு போச்சு, அவ்வளவுதானே?” என்றாள். “எங்க கிளினிக்குக்கு வந்து பாருங்க. நாற்காலியில உக்கார்றவங்கள்ல பாதிப் பேருக்கு வாய் பாலைவனம்தான். எச்சில் உறிஞ்சுற குழாயை வச்சா, உறிஞ்ச ஒண்ணும் இல்லாம கொர்ர்ருன்னு கத்தும். போன வாரம் ஒரு மல்யுத்தக்காரர். ஊசியைப் பாத்ததும் வாயைத் திறந்தவர் மூட மறந்துட்டாரு. நான்தான் தாடையைத் தள்ளி மூடி விட்டேன்.”

“அவங்க பல்லு பிடுங்க வந்தவங்க. நான் ஒரு பொம்பளை எரியறதைப் பாத்துட்டு நின்னவன்.”

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, சனிக்கிழமை மதியம் கிளினிக்குக்கு வரச் சொன்னாள்.

அந்தப் பல் டாக்டர் பேச்சுப் பிரியர். எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும் தொழிலை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று மனைவி சொல்வாள். ஃபிட்டருக்குப் பல்லில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்ட பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. நம் உடம்புக்குள் நம்மைக் கேட்காமலே நடக்கும் ஓர் அலுவலகம் உண்டு. தானியங்கி நரம்பு மண்டலம் என்று அதற்குப் பெயர். இதயம் எத்தனை அடி அடிக்கட்டும், குடல் எப்போது அசையட்டும், வியர்வை எங்கே போகட்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் அங்கே எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அதில் இரண்டு பிரிவு. ஒன்று ஆபத்து வந்தால் முடுக்கிவிடுவது, இன்னொன்று ஆபத்து போனதும் அடக்கி அமர்த்துவது. முடுக்கும் பிரிவு எழுந்துவிட்டால் ரத்தத்தைக் கைகாலுக்குத் திருப்பும், நெஞ்சை விரட்டும், கண்மணியை விரிக்கும். செரிமானம், எச்சில் போன்ற கோப்புகளையெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓரமாகத் தள்ளிவிடும். புலி துரத்தும்போது எச்சில் எதற்கு? புலிக்கு வேண்டுமானால் ஊறட்டும். சில சமயம் முடுக்குவதும் அடக்குவதும் ஒரே நேரத்தில் காலை வைத்து அழுத்திவிடும். வண்டியில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் என்ன ஆகும்? எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

“அது நீங்க எடுத்த முடிவு இல்ல,” என்றார் டாக்டர். “உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடியே உடம்பு நிறுத்திருச்சு. வெக்கப்பட நேரம் இருந்தா ஒரு காரியம் செய்யுங்க. மூச்சை இழுக்கறதைவிட விடறதை நீளமா விடுங்க. அடக்குற பிரிவுக்கு நாம போடக்கூடிய ஒரே மனு அதுதான்.”

“அப்படிச் செஞ்சா ஒத்திகை அன்னிக்கு வாய் காயாதா டாக்டர்?”

“காயும். அதுல சந்தேகமே வேண்டாம். காஞ்சா என்ன செய்வீங்கன்னு மட்டும் யோசிச்சு வைங்க.”

காசு வாங்காததால்தான் டாக்டர் இப்படிக் கைவிரிக்கிறாரோ என்று ஃபிட்டருக்குத் தோன்றியது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அந்தக் கேள்வி மெல்ல உள்ளே இறங்கியது. இத்தனை நாளும் விசில் வருமா வராதா என்றே அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வராது என்று வைத்துக்கொண்டால்?

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் யாராவது இருந்தால், குடும்பத்தோடு புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார். மனைவி கிளினிக்கிலிருந்து பஞ்சு உருளைகள் கொண்டுவந்தாள். பல்லடைக்கும்போது எச்சிலை உறிஞ்சுவதற்காகக் கன்னத்துக்குள் வைப்பார்களே, அது. இரண்டு கன்னத்திலும் இரண்டு, நாக்குக்கு அடியில் ஒன்று. வாய் சுண்ணாம்புக் காளவாயாகக் காய்ந்ததும் அவரை மாடிப்படியில் நான்கு தடவை ஏறி இறங்க விடுவாள். நெஞ்சு தெறிக்கும். அப்புறம் அவள் கூடத்தின் அந்த மூலையில் முதுகைக் காட்டி நின்று பாத்திரத்தைக் கரண்டியால் தட்டுவாள். அவர் நீளமாக மூச்சை விட்டு, நடந்துபோய், அவள் தோளைத் தொட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் அவர் நகரவில்லை. அணில் மாதிரி உப்பிய கன்னத்தோடு நடுக்கூடத்தில் நின்று அழுதார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள், “இவ்வளவு மெதுவா வந்தா நான் சாம்பலாயிருப்பேன்” என்று அவள் சொன்னாள். அதைவிட நல்ல செய்தி அந்த மாதத்தில் அவருக்கு வரவில்லை. மெதுவாக என்றாலும் வந்திருக்கிறார்.

ஒத்திகைக்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, பதினேழு அக்கா வேலைக்குத் திரும்பினார். காலைத் தறி ஓடுவதற்கு முன்பு, கூடத்தில் பேச்சு காதில் விழக்கூடிய அந்தப் பத்து நிமிடத்தில், நேராக ஃபிட்டரிடம் வந்தார். முழங்கைவரை புதுத்தோல் ரோஜா நிறத்தில் மின்னியது. ஃபிட்டர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஏன் தம்பி, எல்லாருக்கும் டீ சொன்னியாமே. எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்ட?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபிட்டர் சிரிக்கவில்லை.

“அக்கா, விசில் வரல. காலும் வரல. நீங்க என்னைத் தாண்டித்தான் ஓடினீங்க.”

“பாத்தேனே. உன் மூஞ்சி சுவரு மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. இவனுக்கும் எங்கயோ பத்திக்கிச்சு போலன்னு நினைச்சுட்டே ஓடினேன்.” அக்கா தறியின்மேல் சாய்ந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிடாத. சட்டை பத்திக்கிட்டது எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா அறுந்த நூலு கையில இருந்துச்சா? முடிச்சுப் போட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். கை எரியுது, நான் முடிச்சுப் போடறேன். வலியே தெரியல தம்பி. வெளிய வந்து காத்து பட்டப்புறம்தான் கத்தினேன். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இதைச் சொல்லல, சிரிப்பாரு.”

ஃபிட்டர் அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். இருபது வருடமாக அறுந்த நூலைக் கண்டால் முடிச்சுப் போட்டுப் பழகிய கை. உத்தரவுக்குக் காத்திராமல் அதுவும் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

“ஆனா ஒண்ணு,” என்றார் அக்கா. சிரிப்பு போய்விட்டிருந்தது. “உன் விசிலை நம்பி இனிமே என்னால முதுகைக் காட்டி உக்கார முடியாது. அடுத்த தடவை வந்து தட்டு.”

வியாழக்கிழமை முற்பகல் ஆய்வாளர் அம்மா வந்தார். கழுத்தில் நிறுத்துகடிகாரம், கையில் அட்டையில் செருகிய படிவம். பக்கத்தில் மேனேஜர், தாமே விசில் அடிக்கப்போகிறவர் போல உதட்டைக் குவித்துக்கொண்டு. சுவர் வரிசையில் ஒரு தகர டப்பாவில் ஈரப் பஞ்சைக் கொளுத்தி வைத்தார்கள். தறிகள் ஓடின. ஃபிட்டர் மூன்றாம் தறியருகே நின்றார்.

புகை வந்தது. வாசனையும் வந்தது. உடம்புக்கு ஒத்திகை என்றால் என்னவென்று தெரியாது. அதைப் பொறுத்தவரை இது அதே நாள், அதே தீ. உள்ளங்கை நனைந்தது, நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. விரலை வாயில் வைத்து ஊதினார். காற்று.

நான்காம் தறிக்காரரின் முகத்தில் ஒரு பழைய நம்பிக்கை துளிர்ப்பதை அவர் பார்த்தார்.

விரலை எடுத்தார். மூச்சை விட்டார், நீளமாக, விலாவில் ஒன்றும் மிச்சமில்லாதவரைக்கும். இன்னொரு முறை. வலது காலை எடுத்து வைத்தார். அது அவருடைய கால் மாதிரியே இல்லை, இரவல் வாங்கிய கால். ஆனாலும் போய் விழுந்தது. நான்காம் தறியின் தோளில் ஓர் அடி. இரண்டு கையையும் குறுக்கே வைத்து, நிறுத்து. நான்கு அதை ஐந்துக்குக் காட்ட, ஃபிட்டர் சுவர் வரிசைக்குத் திரும்பினார். பதினான்கு, பதினைந்து, பதினாறு.

பதினேழு குனிந்திருந்தார். ஃபிட்டர் தோளைத் தட்டினார்.

அக்கா நிமிர்ந்தார். தறியில் ஒரு நூல் அறுந்து தொங்கியது. ஒரு கணம் கை அதை நோக்கிப் போயிற்று. பிறகு நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். இருவரும் கடைசியாக வெளியே வந்தார்கள்.

முற்றத்தில் ஆய்வாளர் தலைகளை எண்ணினார், எல்லோரும் இருந்தார்கள். படிவத்தைப் பார்த்தார்.

“விசில் எங்கே? எனக்குக் கேக்கலியே.”

“இன்னிக்கு அவருக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்ல மேடம்,” என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

“தொண்டை நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஃபிட்டர். குரல் கரகரத்தது. “வாய் காஞ்சு போச்சு மேடம். அன்னிக்கும் இதேதான். அன்னிக்கு விசிலே வரல. டீன்னு நினைச்சுட்டுத்தான் எல்லாரும் வெளிய வந்தாங்க. பலகையில ஒட்டியிருக்கிறது தப்பு. பயத்துல எனக்கு எச்சில் வராது. நாப்பது பேரை அதை நம்பி உக்கார வைக்காதீங்க.”

முப்பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் படிவத்தில் ‘விசில்’ என்றிருந்ததை அடித்தார். பதினைந்து நாளுக்குள் சைரன் மாட்ட வேண்டும் என்றும், முதுகைக் காட்டி உட்காரும் ஒவ்வொரு தறிக்கும் தோளைத் தட்ட ஓர் ஆள் பெயர் குறிக்க வேண்டும் என்றும் எழுதினார். சுவர் வரிசைக்கு யார் என்று கேட்டபோது, மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பதினேழு அக்கா ஃபிட்டரைக் காட்டினார். மேனேஜர் ஏதோ சொல்ல முயன்றார், வரவில்லை; தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். உடம்புக்குள் இருக்கும் அந்த அலுவலகம் பதவி பார்த்து வேலை செய்வதில்லை.

அக்கா தம் மணிக்கட்டை ஃபிட்டரிடம் நீட்டினார். “பிடிச்சுப் பாரு. எனக்கும் எப்படிக் குதிக்குதுன்னு.”

புதுத்தோலுக்குக் கீழே நாடி துள்ளிக்கொண்டிருந்தது. அவருடையதும் அப்படித்தான். இரண்டும் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தபடி வெயிலில் நின்றார்கள். ஆய்வாளர் கடைசி வரியை எழுதி முடித்து நிறுத்துகடிகாரத்தைப் பையில் போட்டார்.

நாக்குக்கு அடியில் ஏதோ கசிகிற மாதிரி இருந்தது ஃபிட்டருக்கு. துழாவிப் பார்த்தார். ஈரம்தான். யோசிக்காமல் விரலை மடித்து வாயில் வைத்தார்.

கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஆய்வாளர் பேனாவைக் கீழே போட்டார்.

“இப்ப எதுக்குத் தம்பி?” என்றார் பதினேழு அக்கா, காதைத் தேய்த்துக்கொண்டு.

“தெரியலக்கா,” என்றார் ஃபிட்டர். “வருது.”